இன்னும் விழாத சாம்பல்

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் கடற்கரையில் இந்தப் பாடத்துக்கு என்ன மதிப்பு என்றால், கணக்கு வாத்தியார் வந்தால் எழுந்து நிற்கிறவர்கள் நான் வந்தால் நீட்டிய காலை மட்டும் மடக்கிக்கொள்வார்கள். எரிமலையைப் பற்றி எத்தனையோ வருடமாகப் பாடம் எடுத்திருக்கிறேன். வகுப்புக்கு வெளியே ஒரு ஆத்மாவும் அதைப் பற்றி என்னிடம் கேட்டது கிடையாது. என் தங்கையின் கல்யாண வாரத்தில் அந்தக் குறை தீர்ந்தது. மாப்பிள்ளை வந்து சேருவாரா என்பதுதான் ஊருக்குத் தெரிய வேண்டியது. ஆனால் எல்லோரும் அதை வேறு மாதிரி கேட்டார்கள்: சாம்பல் எப்போது விழும்?

எங்கள் ஊர் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் பக்கம். அப்பா இல்லை. வீட்டில் அம்மா, நான், தங்கை. தங்கை நெய்யூரில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். கல்யாண வயது தாண்டிவிட்டது என்று ஊர் தீர்மானித்து வெகுநாளாகிறது. அவள் ஒன்றும் கல்யாணம் வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கவில்லை. முதலில் ஒரு சம்பந்தம் முடிவானது. புயல் வந்து கடற்கரையே துக்கத்தில் கிடந்ததால் தள்ளிவைத்தோம், அது தள்ளியே போய்விட்டது. இரண்டாவது சம்பந்தம் கொரோனா அடைப்பில் மாட்டியது. வெளிநாட்டில் சிக்கிக்கொண்ட அந்த மாப்பிள்ளை, சிக்கிக்கொண்ட இடத்திலேயே ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டார். மற்ற வீட்டுக் கல்யாணங்கள் நகையாலும் சாப்பாட்டாலும் நிற்கும். எங்கள் வீட்டுக் கல்யாணத்தை நிறுத்த இயற்கையே நேரில் வரும்.

மூன்றாவது மாப்பிள்ளை கோட்டாற்றுக்காரர். கல்ஃபில் ஏசி மெக்கானிக். ஒரு லீவில் வந்து பெண் பார்த்தார், பிடித்திருக்கிறது என்றார், போய்விட்டார். அதற்குப் பிறகு எல்லாம் போனில்தான். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பதை எங்கள் பக்கம் ஓலை வாசிப்பது என்போம். இரு வீட்டாரின் பங்குக் கோயில்களிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. ஒருவரும் ஒரு தடையும் சொல்லவில்லை. கல்யாணம் சனிக்கிழமை காலை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்குகிறது, அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் வரை கோயிலில் கல்யாணம் நடக்காது. கிறிஸ்துமஸுக்குள் மாப்பிள்ளையின் லீவு முடிந்துவிடும். இந்தச் சனிக்கிழமையை விட்டால் அடுத்த லீவு எப்போது என்று அவருடைய கம்பெனிக்குத்தான் தெரியும்.

இந்த நேரம் பார்த்து ஆப்பிரிக்காவில் ஒரு எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் மேகம் அரபிக்கடலைத் தாண்டி இந்தியாவுக்கு மேலே வருகிறது என்று டிவியில் படம் போட்டுக் காட்டினார்கள். செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை பெட்டியோடு விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு விமானம் ரத்தானது. அவர் அனுப்பிய படத்தில் அறிவிப்புப் பலகை முழுக்கச் சிவப்பு எழுத்து. அம்மா படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்த மலையை நான்தான் சொல்லி வெடிக்க வைத்ததுபோல இருந்தது பார்வை.

அம்மாவுக்குத் தெரிந்த சாம்பல் வேறு. விலாங்கு மீனும் கெளுத்தியும் கழுவும்போது கையில் வழுக்காமல் இருக்க, வெந்நீர் அடுப்பிலிருந்து அள்ளிப் பூசித் தேய்க்கிற சாம்பல். அதைக் கண்டு விமானம் பயப்படும் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. நான் விளக்க உட்கார்ந்தேன். எரிமலைச் சாம்பல் எரிந்து மிஞ்சியதல்ல, உடைந்து மிஞ்சியது. மலைக்குள்ளே உருகிக் கிடக்கும் பாறையில் வாயு அடைபட்டிருக்கும். அது பீறிக்கொண்டு வெளியே வரும்போது பாறை நொறுங்கிப் பொடியாகும், அதில் நிறையக் கண்ணாடிச் சில்லு இருக்கும். சூட்டோடு அது மேலே மேலே ஏறி, இனி ஏற முடியாத ஓர் உயரத்தில் குடையாக விரியும். கல் பருமன் உள்ளது மலையடியிலேயே விழுந்துவிடும். மணல் பருமன் உள்ளது கொஞ்சம் தள்ளி விழும். மாவுபோல நுணுக்கமானது மட்டும் காற்றோடு கடல் தாண்டி வரும். விமானத்தின் எஞ்சினுக்குள் போனால் கண்ணாடி உருகி உள்ளே ஒட்டிக்கொண்டு எஞ்சினின் மூச்சை அடைத்துவிடும். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த மாவு எப்போது விழும் என்று அம்மா கேட்டாள்.

அதற்குள் பக்கத்து வீட்டு மாமியும் வந்துவிட்டார். மாமி எங்கள் அன்பியத்தின் தலைவி. பங்கில் ஒரு தெருவைச் சேர்ந்த வீடுகள் கூடி ஜெபிக்கிற குழுவுக்கு அன்பியம் என்று பெயர். ஊரில் நடக்கிற எதுவும் முதலில் அங்கே வந்து பதிவாகும். மாமி தன் மகனுடைய ஸ்கூட்டர் சீட்டை விரலால் துடைத்து, விரலை என் மூக்குக்கு நேரே நீட்டி, இது அந்தச் சாம்பல்தானே என்றார். நம் மலைகளை உடைத்துப் பொடித்துக் கேரளத்துக்குக் கொண்டுபோகிற டாரஸ் லாரிகளிலிருந்து தினமும் பறக்கிற தூசு அது. எரிமலை செய்கிற வேலையைத்தான் நம் ஆட்களும் செய்கிறார்கள், இதற்கு எந்த விமானமும் நிற்பதில்லை என்று சொன்னேன். மாமிக்கு அது பிடிக்கவில்லை. ஆப்பிரிக்கச் சாம்பலை முதலில் கண்டவர் என்ற பெருமையை நான் கெடுத்துவிட்டேன்.

சாம்பல் விழுவதைப் பற்றி நான் சொன்ன அடுத்த வாக்கியங்களைத்தான் இன்றைக்கு நினைத்தால் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்த நுணுக்கப் பொடி தனித்தனியாக விழுவதென்றால் மாதக்கணக்காகும், அவ்வளவு லேசு. ஆனால் அது தனியாக விழுவதில்லை. ஒன்றோடொன்று உரசி மின்சாரம் ஏறி ஒட்டிக்கொள்ளும். ஈரம் பட்டால் இன்னும் ஒட்டும். திரண்டு உருண்டையாகி, தன் தவணைக்கு முன்பே இறங்கிவிடும். சில சமயம் மேகத்தின் அடிப்பக்கம் கனத்துத் தொங்கி, மொத்தமாகவே கீழே வரும். இரண்டு பேர் முகத்தைப் பார்த்தாலும் ஒன்றும் மண்டையில் ஏறியதாகத் தெரியவில்லை. அதனால் நான் புட்டுக்கு இறங்கினேன். வறுத்த அரிசி மாவைக் காய்ந்தபடியே அள்ளி எறிந்தால் பறக்கும், தண்ணீர் தெளித்துப் பிசிறிவிட்டு எறிந்தால் சொத்தென்று விழும், அது மாதிரிதான் இதுவும் என்றேன். இரண்டு பேருக்கும் உடனே விளங்கிவிட்டது. எனக்குத்தான் என்ன விளங்கியது அவர்களுக்கு என்று விளங்கவில்லை.

"அப்போ ஒரு மழ பெய்தா தீந்துது, இல்லியா மக்கா?" என்றார் மாமி.

புதன்கிழமை சாயங்காலம் அன்பியம் எங்கள் வீட்டு முற்றத்தில் கூடி மழைக்காக ஜெபித்தது. ஐப்பசி கார்த்திகை மழையில் வலை காயாமல் எப்போதடா ஓயும் என்று திட்டிக்கொண்டிருந்த அதே ஆட்கள். அந்தச் சாம்பல் மழைமேகத்துக்கும் மேலே கிடக்கிறது, அதுவும் நமக்கு நேரே இல்லை, எங்கேயோ வடக்கே போகிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்டது கிடைத்துவிட்டால் மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்றார்கள். இடம் எது என்று சொல்லாமலே ஜெபித்தார்கள். அதனால் விண்ணப்பம் எந்த வீட்டு முற்றத்திலிருந்து போனதோ அந்த முற்றத்துக்கே பதில் வந்தது. வியாழக்கிழமை விடியற்காலம் பெய்த மழையில் கல்யாணப் பந்தலின் துணி குளமாகத் தொங்கி, நடுக்கம்பு முறிந்து, அலங்காரம் முழுவதும் சேற்றில் கிடந்தது. மாமி குடையோடு வந்து பார்த்து, ஜெபம் வீண்போகாது என்று நான் சொல்லவில்லையா என்றார். அவருக்குப் பந்தல் கண்ணில் படவே இல்லை.

எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியிருந்தது. ஆனால் அதற்கு மழை மட்டும் காரணமில்லை. புதன்கிழமையே விமானங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. தெருக்கோடியில் ஒரு வீட்டு மருமகன் துபாயிலிருந்து வந்து இறங்கி, சாக்லேட்டும் கொடுத்தாகிவிட்டது. எங்கள் மாப்பிள்ளையிடமிருந்து மட்டும் ஒரு தகவலும் இல்லை. நான் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவருடைய அம்மா கோட்டாற்றிலிருந்து என் அம்மாவைக் கூப்பிட்டு, இந்தப் பாழாய்ப்போன சாம்பலால் இப்படி ஆகிவிட்டதே என்று அழுதார். அம்மாவும் கூடச் சேர்ந்து அழுதாள்.

நான் போனில் செயற்கைக்கோள் படத்தை எடுத்துப் பார்த்தேன். மேகம் நம் நாட்டைக் கடந்து சீனாவின் பக்கம் போய்விட்டிருந்தது. பெரும்பகுதி வழியிலேயே இறங்கியிருக்கும், மிச்சம் ஆளைத் தொந்தரவு செய்யாத அளவுக்குக் கரைந்திருக்கும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வானம் சுத்தம், இன்றைக்கே புறப்பட்டாலும் சனிக்கிழமை கோயிலில் நிற்கலாம், இதை முதலில் தங்கையிடம் சொல்லி அப்புறம் ஊர்வாயை மொத்தமாக அடைத்துவிட வேண்டும் என்று போனும் கையுமாகப் பின்பக்கம் போனேன்.

அவள் நனைந்த பந்தல் துணியைக் கல்லில் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் படத்தை நீட்டினேன். அவள் பார்த்தாள். நல்ல மாணவி மாதிரி, இந்தப் பழுப்பு நிறம்தான் சாம்பலா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். துணியின் மறுமுனையை என் கையில் கொடுத்து முறுக்கச் சொன்னாள். முறுக்கினோம்.

"இத யாருட்டயும் காட்டாண்டாம் அண்ணா. சாம்பல் இன்னும் விழல்லண்ணு சொல்லு."

ஏன் என்று கேட்டேன். அவர் வரமாட்டார் என்றாள். புதன்கிழமை காலையிலேயே அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம். வேறு பெண் இல்லை, குடி இல்லை, ஒன்றும் இல்லை. விமானம் ரத்து என்று பலகையில் பார்த்ததும் அங்கே நின்ற எல்லோரும் தலையில் கை வைத்தார்களாம். இவருக்கு மட்டும் அப்பாடா என்று இருந்ததாம். அந்த நிம்மதியைக் கண்டு அவருக்கே பயம் வந்துவிட்டது. ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, இப்படி ஒரு மனதோடு வந்து தாலி கட்டினால் அது உனக்குச் செய்கிற துரோகம் என்று சொன்னாராம். வீட்டிலும் சொல்லிவிட்டார். அவருடைய அம்மா அழுதது சாம்பலுக்காக அல்ல.

நான் கெட்ட வார்த்தை சொன்னேன். கோட்டாற்றுக்குப் போய் அவர்கள் வீட்டு வாசலில் நின்று நாலு பேர் கேட்க நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கப்போகிறேன் என்று சட்டையை மாட்டினேன். பொய் சொல்லாத மனுஷன், அதுவரைக்கும் நல்லது என்று அவள் சொன்னபோது அவளிடமும் கோபம் வந்தது. உனக்கு வலிக்கவே இல்லையா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு, பிழிந்த தண்ணீர் வழிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"புயலுக்கும் நோய்க்கும் எரிமலைக்கும் நான் என்ன செய்ய முடியும்ணு ஊரு எனக்காகப் பரிதாபப்படும். ஒரு மனுஷன் வேண்டாம்ணு சொன்னாருண்ணு தெரிஞ்சா, காரணத்த எனக்க மொகத்துல தேடுவாவ. அத மட்டும் எனக்குத் தாங்காது. கொஞ்ச நாளு, கேட்டியா? கொஞ்ச நாளைக்கு அது மேலயே கெடக்கட்டு."

அம்மாவிடம் மெதுவாகத் தானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் நான் சாம்பலை விழாமல் பார்த்துக்கொண்டேன். அதற்குப் படித்த படிப்பு எல்லாம் கைகொடுத்தது. தெருக்கோடி வீட்டு மருமகன் வந்துவிட்டானே என்று கேட்டவர்களுக்கு, அவன் வந்த பாதை வேறு, இவர் வர வேண்டிய பாதையின் உயரம் வேறு என்றேன். டிவியில் விமானம் பறக்கிறது என்று சொல்கிறார்களே என்று கேட்டவர்களுக்கு, திரண்டு உருண்டையானது விழுந்துவிட்டது, ஒட்டாமல் தனியாக நிற்கிற நுணுக்கம்தான் ஆபத்து, அது லேசில் இறங்காது என்றேன். ஒரு வார்த்தையும் பாடத்தில் இல்லாததல்ல. அதுவரை நான் சொன்ன உண்மையை எல்லாம் சந்தேகப்பட்ட ஊர், இதை அப்படியே நம்பியது. இரண்டு பேர் அதை வாட்ஸ்அப்பில் வேறு அனுப்பினார்கள். எனக்கு வந்தபோது நான் சொல்லாத ஒரு நாட்டின் பெயரும் அதில் சேர்ந்திருந்தது.

பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். அவரிடம் தங்கை தனியாகப் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது அவர், விமானம் தவறிவிட்டது, திருவருகைக் காலமும் வந்துவிட்டது, கிறிஸ்துமஸ் கழிந்து பார்க்கலாம் என்று எல்லோரும் கேட்கும்படி அம்மாவிடம் சொன்னார். போகும்போது என் தோளில் லேசாகத் தட்டினார். எங்கள் பங்கில் எரிமலையைத் தாங்கிப் பிடிக்க இரண்டாவதாக ஒரு ஆள் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

இதை எழுதலாமா என்று பிற்பாடு அவளிடம் கேட்டேன். இப்போது வேண்டியவர்களுக்கு எல்லாம் விஷயம் தெரியும். வேண்டாதவர்களுக்கும் பாதி தெரியும். நம் ஆட்கள் புத்தகமா வாசிக்கப்போகிறார்கள், தாராளமாக எழுது என்றாள். எழுத்தாளனைப் பற்றி ஊர் வைத்திருக்கிற மதிப்பையும் அதிலேயே சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலை, கல்யாணப் பூசை நடந்திருக்க வேண்டிய நேரத்தில், மாமி அன்பியத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெறுமனே இருந்தால் பிள்ளைக்கு மனசு கஷ்டப்படும், ஒரு ஜெபமாலை சொல்லிவிட்டுப் போகிறோம் என்றார். நல்ல எண்ணம்தான். பந்தலின் முறியாத பாதியில் பாய் விரித்தார்கள். அம்மா முன்வரிசையில் இருந்தாள். ஜெபத்தில் பதில் சொல்லும்போது அம்மாவின் குரல்தான் எப்போதும் தெருவுக்குக் கேட்கும், அன்றைக்கும் கேட்டது. தங்கை மற்ற பெண்களுக்கு நடுவில் முக்காட்டை இழுத்துவிட்டு முழங்காலில் நின்றாள். நான் தூணோரம் நின்றேன். அங்கே பரதேசத்தில் அந்தப் பையன் என்ன பாடு படுகிறானோ, பாவம் என்று ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். அந்தப் பையன் அந்த நேரத்தில் என்ன பாடு பட்டான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் எங்கள் ஊரில் அவனுக்காக அத்தனை பெண்கள் அழுதார்கள்.

ஜெபமாலையில் பத்துப் பத்து மணிகளாக ஐந்து கோவை; ஒவ்வொரு கோவைக்கும் முன்னால் ஒருவர் தன் வேண்டுதலைச் சொல்லி ஜெபத்தை நடத்துவது வழக்கம். நான்கு முடிந்தது. ஐந்தாவதைக் கல்யாணப் பெண்ணே சொல்லட்டும் என்றார் மாமி. மாப்பிள்ளை பத்திரமாக வந்து சேர வேண்டும் என்று சொல்லு மக்கா என்று சொல்லியும் கொடுத்தார். நான் ஏதாவது சொல்லித் தடுக்கலாமா என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சாம்பலைப் பற்றித்தான்.

தங்கை ஜெபமாலையில் ஐந்தாவது கோவையின் மணியை விரலால் பிடித்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அவரு எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். வந்து சேர வேண்டும் என்று கேட்கவில்லை. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, மாமிகூடக் கவனிக்கவில்லை. அவள் முதல் ஜெபத்தைத் தொடங்கினாள். பெண்கள் பதில் சொன்னார்கள். அம்மாவின் குரல் அதில் இல்லை.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஜெபமாலையை மடியில் விட்டுவிட்டு, திரும்பி, தன் மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் சாம்பலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. முழங்காலிலேயே நகர்ந்து போய்த் தங்கையின் பக்கத்தில் நின்றுகொண்டாள். அடுத்த பதிலை எல்லோரையும் விட உரக்கச் சொன்னாள்.